சிந்தசைசரில் ஏஐ: முடிந்த ஒலி வேண்டாம், பேட்ச் போதும்

மென்பொருள் சிந்தசைசரோடு ஏஐ-யைச் சேர்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. உரையாடல் ஏஐ-யிடம் பேட்ச் (ஓர் ஒலிக்கான குமிழ் அமைப்புகளின் தொகுப்பு) எழுதி வாங்கலாம். ஓர் ஒலியைக் கொடுத்து அதற்கு நெருக்கமான பேட்சைத் தேட வைக்கலாம். வர்ணனையிலிருந்து ஒலி உண்டாக்கும் மாடலிடம் ஒலி வாங்கி வேவ்டேபிளாக (சிந்த் திரும்பத் திரும்ப வாசிக்கும் குட்டி அலைகளின் வரிசை) மாற்றலாம். ஒரு வாத்தியத்தின் ஒலிநிறத்தை இன்னொன்றின் மேல் போர்த்தலாம். முதல் மூன்றிலும் கடைசியில் நம் கைக்குக் குமிழ்கள் கிடைக்கின்றன. டிகே (ஒலி உச்சத்திலிருந்து தணியும் நேரம்) கொஞ்சம் நீளம் என்றால் திருகிக் குறைக்கலாம். நான்காவதில் அந்த வசதி குறைவு. அதனால் இங்கே அதற்கு இடமும் குறைவு.

பேட்ச் எழுதி வாங்குவது

இதற்கு வைட்டல் தோதான சிந்த். 2020-இல் வந்தது, இலவசப் பதிப்பு உண்டு. அதன் பிரீசெட் (சேமித்த பேட்ச்) கோப்பு ஜேசன் வடிவில் இருக்கும் வெறும் எழுத்துதான், எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கும். முதலில் மெனுவில் பிரீசெட்டை இனிஷியலைஸ் செய்து, அந்த வெற்றுப் பேட்சை ஒரு பெயரில் சேமியுங்கள். கோப்பைத் திறந்தால் செட்டிங்ஸ் பகுதியில் அளவுருக்களின் பெயர்களும் எதிரே எண்களும் வரிசையாகத் தெரியும். அதோடு வேவ்டேபிளைக் குறியாக்கிய நீளமான எழுத்துக் குவியலும் இருக்கும். அதை ஏஐ-யிடம் ஒட்ட வேண்டாம். அது பேச்சின் பாதி இடத்தை விழுங்கிவிடும், மாடலுக்கு அதில் படிக்க ஒன்றும் இல்லை. பெயரும் எண்ணும் உள்ள வரிகளை மட்டும் கொடுத்து, "இந்தப் பெயர்களைத் தவிர வேறு எதையும் சேர்க்காதே, மாறும் வரிகளை மட்டும் திருப்பிக் கொடு" என்று சொல்லுங்கள். இப்படிக் கட்டாவிட்டால் வைட்டலில் இல்லாத குமிழ்களைக் கற்பனையாகச் சேர்ப்பது மாடலின் வழக்கம். அவை எந்த வேலையும் செய்யாமல் சும்மா கிடக்கும். பிழை எங்கே என்று தேடித் தேடி நேரம் போகும்.

ஒலியை வர்ணிப்பதில் கவிதை வேண்டாம். "கனவு போன்ற, வெதுவெதுப்பான பேட்" (நீண்டு படரும் ஒலி) என்று கேட்டால் எல்லாருக்கும் கிடைக்கும் அதே பேட்தான் உங்களுக்கும் கிடைக்கும். நேரம், அதிர்வெண், அசைவு மூன்றையும் சொல்லுங்கள். உதாரணமாக ஒரு மீட்டல் ஒலி: ரம்பப்பல் அலை, அட்டாக் (எழும் நேரம்) 1 மில்லி விநாடி, டிகே 400, சஸ்டெய்ன் (விசையை அழுத்தியிருக்கும்போது நிற்கும் அளவு) பூஜ்யம், ரிலீஸ் (விசையை விட்டபின் அடங்கும் நேரம்) 250. லோபாஸ் ஃபில்டர் (ஓர் எல்லைக்கு மேலான அதிர்வெண்களைத் தணிப்பது) 200 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும், இரண்டாவது என்வலப் (மேலே சொன்னது போன்ற நான்கு எண்கள் வரையும் ஏற்ற இறக்கம்) அதை மூன்று ஸ்தாயி மேலே தள்ளி உடனே கீழே விடும்.

இதைக் கேட்டதும் மாடல் டிகேக்கு 0.4 என்று எழுதும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். வைட்டலில் ஏற்றி வாசித்தால் மீட்டல் கேட்காது, "டிக்" என்று ஒரு சொடுக்குதான் கேட்கும். காரணம், வைட்டல் என்வலப் நேரங்களைக் கோப்பில் விநாடியாக வைப்பதில்லை. விநாடியின் வர்க்கமூலத்துக்கு மறுபடி வர்க்கமூலம் எடுத்த எண்ணைத்தான் வைக்கிறது. 0.4-ஐ நான்கு முறை எழுதிப் பெருக்குங்கள்: 0.0256. அதாவது 26 மில்லி விநாடி. 400 மில்லி விநாடி வேண்டுமென்றால் கோப்பில் 0.795 இருக்க வேண்டும். அட்டாக் 1 மில்லி விநாடிக்கு 0.178, ரிலீஸ் 250-க்கு 0.707. உச்ச அளவான 2.378 என்பது 32 விநாடி.

ஃபில்டரின் எல்லையான கட்ஆஃபிலும் இதே கதை. கோப்பில் அது ஹெர்ட்ஸ் அல்ல, மிடி சுர எண் (விசைக்கு ஓர் எண்). 8 முதல் 136 வரை போகும். 440 ஹெர்ட்ஸ் என்பது 69, ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 கூட்ட வேண்டும். அந்தக் கணக்கில் 200 ஹெர்ட்ஸ் 55.35, 1000 ஹெர்ட்ஸ் 83.2. மாடல் கட்ஆஃப் இடத்தில் 200 என்று எழுதியிருந்தால் அது வரம்புக்கு வெளியே. எல்எஃப்ஓ (குமிழைத் தானாக மேலும் கீழும் ஆட்டும் மெதுவான அலை) வேகம் இரண்டின் அடுக்காக இருக்கும்: 1 என்றால் 2 ஹெர்ட்ஸ், 0 என்றால் 1 ஹெர்ட்ஸ், -2 என்றால் நான்கு விநாடிக்கு ஒரு சுற்று. இந்த மூன்று மாற்றுக் கணக்கையும் கேள்வியின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஏற்றுவதற்கு முன் என்வலப் எண்களில் இரண்டையாவது கால்குலேட்டரில் சரிபாருங்கள். மாடல் சூத்திரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுப் பெருக்கலில் தவறும்.

மாடுலேஷன்தான் அடுத்து உடையும் இடம். எது எதை அசைக்கிறது என்ற ஜோடிகள் ஒரு பட்டியலில் இருக்கும், எவ்வளவு அசைக்கிறது என்ற எண் செட்டிங்ஸில் தனியாக இருக்கும். மாடல் ஜோடியை எழுதிவிட்டு அளவை மறந்தால் அளவு பூஜ்யமாகவே இருந்துவிடும். திரையில் இணைப்பு தெரியும், காதில் ஒன்றும் அசையாது. மேலே சொன்ன மீட்டலுக்கு அளவு 0.3 போதும். கட்ஆஃபின் மொத்த வீச்சு 128 அரைச்சுரம், அதில் 0.3 என்றால் 38 அரைச்சுரம். 200 ஹெர்ட்ஸிலிருந்து ஏறக்குறைய 1,800 வரை ஃபில்டர் திறக்கும். இன்னொன்று, வெற்றுப் பேட்சில் ஃபில்டர் அணைந்தே இருக்கும். கட்ஆஃப் எண்ணை எவ்வளவு நேர்த்தியாகக் கொடுத்தாலும் அதை ஆன் செய்யும் வரி 1 ஆகாமல் பயனில்லை. எந்த ஆசிலேட்டர் (அலையை உண்டாக்கும் பகுதி) எந்த ஃபில்டருக்குப் போகிறது என்ற வரியையும் கூடவே பாருங்கள்.

எழுதி வாங்குவதைவிட விளக்கி வாங்குவதில் இந்த மாடல்கள் கெட்டி என்பதையும் சொல்லியாக வேண்டும். பிடித்த ஒரு பிரீசெட்டின் எண்களை ஒட்டி, "இந்த அசைவு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் உபயோகமாக இருக்கும்.

டெக்ஸெட் போன்ற எஃப்எம் சிந்தில் (ஓர் அலையால் இன்னொன்றை அசைத்து ஒலி உண்டாக்குவது) வேறு வகைப் பிழைகள் வரும். அது 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் மென்பொருள் வடிவம்: ஆறு ஆப்பரேட்டர் (அலை உண்டாக்கிகள்), 32 அல்காரிதம் (அவற்றை இணைக்கும் விதங்கள்). அதன் என்வலப் எண் வேகத்தைச் சொல்வது, நேரத்தை அல்ல. 99 மிக வேகம். மெதுவாக எழும் ஒலி கேட்டால் மாடல் 99 எழுதிவிடும், ஒலி முகத்தில் அறையும். திரையில் 1 முதல் 32 வரை தெரியும் அல்காரிதம் கோப்புக்குள் 0 முதல் 31. ஒன்று பிசகினாலும் முழுக்க வேறு ஒலி. 32 குரல் கொண்ட ஒரு தொகுப்பு மிகச் சரியாக 4,104 பைட். அதை மாடலையே நேராக எழுதச் சொல்லாதீர்கள். எண்களை வாங்கிக்கொண்டு, கோப்பைக் கட்டவும் கடைசிச் சரிபார்ப்பு பைட்டைக் கணக்கிடவும் ஒரு பைதான் நிரல் கேளுங்கள்.

கேட்ட ஒலிக்குப் பேட்ச் தேடுவது

நிரல் எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு சின்பிளான்ட் 2 என்ற சிந்தில் உள்ள ஜீனோபேட்ச் இருக்கிறது. ஒலியைக் கொடுத்தால் அந்த சிந்துக்கே உரிய பேட்ச்களை அடுத்தடுத்து முளைக்க வைக்கும். விருப்பமான சிந்திலேயே செய்ய வேண்டுமானால் ஸ்பாடிஃபை வெளியிட்ட பெடல்போர்டு அல்லது டாடிரீமர் என்ற பைதான் நூலகம் வேண்டும். இரண்டும் விஎஸ்டி3 பிளகினை (இசை மென்பொருளுக்குள் செருகும் சிந்த்) திரையில்லாமல் இயக்கி ஒலியைக் கோப்பாகத் தரும். இந்த வழியில் அளவுருக்களை 0 முதல் 1 வரையான எண்ணாகவே கொடுக்கலாம், மேலே சொன்ன மூலக்கணக்கு தேவைப்படாது.

மாதிரி ஒலி ஒரே சுரமாக இருக்கட்டும். மோனோ, எதிரொலி இல்லாதது, இரண்டு மூன்று விநாடி, முன்னால் உள்ள மௌனம் வெட்டப்பட்டது. சுருதி என்ன என்று நீங்களே கண்டுபிடித்து அதே மிடி சுரத்தை வாசிக்க வையுங்கள். சுருதியைத் தேடலின் கையில் விடக் கூடாது. இரு ஒலிகளின் நிறமாலையை ஒப்பிடும் கணக்குக்கு அரைச்சுரம் தள்ளிய ஒலியும் அரை ஸ்தாயி தள்ளிய ஒலியும் கிட்டத்தட்ட ஒரே தூரம். எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற குறிப்பு அதற்குக் கிடைக்காது.

அளவுருக்களில் இருபதை மட்டும் திறந்துவிடுங்கள்: ஆசிலேட்டர் அளவுகள், கட்ஆஃப், ரெசனன்ஸ் (கட்ஆஃப் அருகே எழும் கூர்மை), இரண்டு என்வலப், இரண்டு மூன்று மாடுலேஷன் அளவு. எஃபெக்ட் அத்தனையும் ஆஃப். ஆசிலேட்டரின் ரேண்டம் ஃபேஸும் (அலை தொடங்கும் இடத்தை முறைக்கு முறை மாற்றுவது) பூஜ்யம். இல்லாவிட்டால் அதே பேட்ச் ஒவ்வொரு முறையும் சற்று வேறாக ஒலிக்கும், தேடல் குழம்பும். அலை வகை, ஃபில்டர் வகை போன்ற படிப்படியான தேர்வுகளைத் தேடலுக்குள் கலக்காமல், வகைக்கு ஒரு தடவை தனியாக ஓட்டுங்கள்.

தேடலுக்கு சிஎம்ஏ-இஎஸ் (தலைமுறை தலைமுறையாகச் சிறந்தவற்றை நோக்கி நகரும் முறை) நன்றாக வேலை செய்யும். இருபது அளவுருவுக்கு அதன் வழக்கமான தொகை தலைமுறைக்கு 12 பேட்ச். 200 தலைமுறை என்றால் 2,400 முறை ஒலியை உருவாக்க வேண்டும். ஒன்றுக்குப் பத்தில் ஒரு விநாடி பிடித்தால் நான்கு நிமிடம்தான். ஒப்பீட்டுக்கு ஒரே எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) அளவு போதாது. 2048 சுருதியை நுணுக்கமாகப் பார்க்கும், அட்டாக்கை மழுக்கிவிடும். 64 நேர் எதிர். 2048, 1024, 512, 256, 128, 64 ஆறையும் எடுத்துக் கூட்டுங்கள். தூரம் திடீரென்று காரணமில்லாமல் ஏறி இறங்கினால் முந்திய சுரத்தின் ரிலீஸ் அடுத்த ஒலிக்குள் ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் பிளகினை ரீசெட் செய்தால் நின்றுவிடும்.

எழுத்திலிருந்து வேவ்டேபிள்

ஸ்டேபிள் ஆடியோ ஓப்பன் போன்ற மாடல் ஒரு வரி வர்ணனையிலிருந்து 47 விநாடி வரை 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி தரும். நமக்கு நான்கு விநாடி போதும். ஒரே சுரம், நீண்ட கார்வை, எதிரொலி கிடையாது, தாளம் கிடையாது என்று எழுதுங்கள். எழுதினாலும் ஓரளவு எதிரொலி ஒட்டிக்கொண்டே வரும். எனவே எட்டுப் பத்து எடுத்து, வறட்சியானதைப் பொறுக்குங்கள். மோனோவாக்கும்போது இரண்டு சேனலையும் கூட்டாமல் இடது சேனலை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இந்த மாடல்களின் இரு பக்கமும் ஃபேஸ் ஒத்துப்போகாமல் இருக்கலாம், கூட்டினால் சில மேல்சுரங்கள் காணாமல் போகும்.

இனிதான் வெட்டு. செரம் என்ற சிந்த், வைட்டல் இரண்டிலும் வேவ்டேபிளின் ஒரு சட்டகம் 2048 சாம்பிள், அதிகபட்சம் 256 சட்டகம். 44.1 கிலோஹெர்ட்ஸில் 2048 சாம்பிள் ஒரு முழு அலையாக இருக்க வேண்டுமானால் ஒலியின் அதிர்வெண் 21.5 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். உங்கள் ஒலி 440-இல் இருந்தால் ஒரு அலைக்கு நூறு சாம்பிள்தான். 2048-க்குள் இருபது அலையும் அரைகுறையாக ஒன்றும் நுழையும். சட்டகத்தின் நுனிகள் சேராமல் ரீங்காரம் கிளம்பும், சுருதியும் எங்கோ போகும். வைட்டலில் ஒலிக்கோப்பை ஆசிலேட்டரின் மேல் இழுத்துப் போட்டால் மூன்று வழி காட்டும். வேவ்டேபிள் என்பது கண்ணை மூடிக்கொண்டு 2048-ஆக வெட்டும். பிட்ச் ஸ்ப்லைஸ் சுருதியைக் கண்டுபிடித்து அலை அலையாக வெட்டும். வோகோட் குரலின் நிறத்தைக் காப்பாற்றும். நிலையான சுருதியுள்ள ஒலிக்கு பிட்ச் ஸ்ப்லைஸ், பேச்சுக்கும் பாட்டுக்கும் வோகோட்.

மணி, கிண்ணம், உலோகத் தகடு ஆகியவற்றை இங்கே முயல வேண்டாம். ஒரே அலை திரும்பத் திரும்ப வரும்போது அடிச்சுரத்தின் முழு மடங்குகள் மட்டுமே அதில் இருக்க முடியும். மணியின் மேல்சுரங்கள் முழு மடங்கில் விழுவதில்லை, அதில்தான் அது மணியாகவே கேட்கிறது. வேவ்டேபிளாக்கினால் ஆர்கன் போல ஆகிவிடும். அதற்கு எஃப்எம் அல்லது பதிவான ஒலியையே வாசிக்கும் சாம்ப்ளர்தான். காற்றோசை, உரசல் சத்தமும் வேவ்டேபிளில் நிற்காது. அவற்றைத் தனியே நாய்ஸ் சாம்பிளாகச் சிந்தில் ஏற்றி மெல்லக் கலக்குங்கள்.

256 சட்டகத்தையும் நிரப்ப ஆசை வரும். பக்கத்துப் பக்கத்துச் சட்டகங்களின் ஃபேஸ் ஒவ்வாமல் இருந்தால் நகரும்போது நடுவில் ஒலி உள்வாங்கும். தெளிவாக வேறுபடும் எட்டு முதல் பதினாறு சட்டகத்தை மட்டும் வைத்து, ஃபேஸைச் சீராக்கி, டிசி ஆஃப்செட்டை (அலை பூஜ்யக் கோட்டிலிருந்து விலகி நிற்பது) நீக்கினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். விற்பனைக்கான பிரீசெட் தொகுப்பு என்றால் மாடலின் உரிமத்தையும் படித்துவிடுங்கள்.

ஒலிநிறம் போர்த்துவது

கூகுளின் மெஜன்டா குழு 2022-இல் விட்ட டிடிஎஸ்பி பிளகின், பாரிஸின் ஐஆர்காம் இசை ஆய்வு நிலையத்தில் 2021-இல் உருவான ரேவ் ஆகியவை இந்த வகை. டிடிஎஸ்பி ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் கேட்கும். கார்டு கொடுத்தால் சுருதி கண்டுபிடிப்பான் தடுமாறி ஸ்தாயி விட்டு ஸ்தாயி தாவும், பின்னணி இரைச்சலிலும் அப்படியே. சொந்த மாடல் பயிற்றுவிக்க ஒரே வாத்தியத்தின் எதிரொலியற்ற பதிவு பத்து முதல் இருபது நிமிடம் வேண்டும்.

விசைப்பலகையில் சோதனை

மேலே சொன்னவற்றில் எந்த வழியில் வந்த பேட்சானாலும் அது ஒரு சுரத்துக்காகத் தைத்த சட்டை. மிடி 36, 60, 84 மூன்றையும் வாசியுங்கள். 60-இல் அழகாக இருந்தது 84-இல் மந்தமாகவும் 36-இல் கரகரப்பாகவும் கேட்டால், கட்ஆஃப் ஓரிடத்திலேயே நிற்கிறது. கீ டிராக்கிங்கை (சுரம் ஏற ஏறக் கட்ஆஃபும் ஏறுவது) ஏற்றுங்கள், பாதியிலிருந்து தொடங்கி மேலே போகலாம். பிறகு அதே சுரத்தை வெலாசிட்டி (விசையை அடிக்கும் வேகம்) 30-லும் 120-லும் அடியுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்டால் அதிசயமில்லை, யாரும் ஏஐ-யிடம் வெலாசிட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. வெலாசிட்டியை ஒலியளவுக்கும், அதில் பாதியளவு ஃபில்டருக்கும் இணைத்தால் விரல் தெரியும்.

இரண்டு பேட்சை ஒப்பிடும்போது முதலில் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதுதான் எப்போதும் "நல்ல பேட்ச்" ஆகத் தோன்றும், ஏஐ தரும் பேட்ச்களோ மூன்று ஆசிலேட்டரையும் முழுசாகத் திறந்துதான் வரும்.