யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் கறுப்புக் காரும்

கறுப்புக் காரின் பெயின்ற் றோட்டில் ஓடிக் கெடுவதைவிட வீட்டு முற்றத்தில் கெடுவதுதான் அதிகம், அதுவும் நாம் வாளியும் துணியுமாக அதற்குப் பக்கத்தில் நிற்கும்போது. வெள்ளைக் காரிலும் அதே கீறல்தான் விழும், வெள்ளை நிறம் அதைக் காட்டிக்கொடுக்காது, அவ்வளவுதான். கறுப்பில் ஒவ்வொரு மெல்லிய கீறலும் வெளிச்சத்தைப் பிடித்து மினுங்கும். காலை வெயிலில் பொனற்றைப் பாருங்கள், சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரிந்தால், அத்தனையும் கழுவித் துடைத்ததில் வந்தவை.

நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட். கம்பனியில் அடித்து வரும்போது அது சுமார் 40, 50 மைக்ரோன்தான், தலைமுடியின் தடிப்புக்கூட இல்லை. கீறல் விழுவது அதில், பொலிஷ் போட்டுத் தேய்த்தெடுப்பதும் அதையேதான். ஆகவே அது கையில் இருக்கும் முதல், பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

சரி, முதல் விதி: காய்ந்த தூசியைத் துடைக்காதீர்கள். வலிகாமத்துச் செம்மண் மா மாதிரித்தான் தெரியும், ஆனால் உள்ளே நுண்ணிய மணல் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் ராத்திரி விட்ட கார் விடியும்போது சிவந்துபோய் நிற்கும், உடனே பழைய சாறத் துண்டை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வேலைக்குப் போகத்தான் கை வரும். அந்த இழுப்பு மணற்கடதாசி போடுவதற்குச் சமம். இறகுத் துடைப்பமும் அதே வேலையைத்தான் செய்யும். தூசியோடு ஓடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. காருக்கு உறை போடுகிறவர்களும் கவனம், தூசிக்கு மேலே போட்ட உறை காற்றில் ஆடி ஆடி நாள் முழுக்கத் தேய்க்கும்.

கழுவுவதற்கு நேரம் விடிய வெள்ளென, அல்லது பொழுதுபட்ட பிறகு. கறுப்புத் தகரம் வெயிலை அப்படியே உறிஞ்சிச் சுடும், ஷாம்பூ கழுவ முன்னமே காய்ந்துவிடும். முதலில் ஹோஸ் பைப்பால் மேலிருந்து கீழே தண்ணீரை ஓடவிட்டு, கழன்று போகக்கூடிய மண்ணைத் தொடாமலே போகவிடுங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குள் போட வேண்டும். கூரை, கண்ணாடி, பொனற், கடைசியாகத்தான் கதவின் கீழ்ப்பகுதியும் பின் பம்பரும், மண் எல்லாம் அங்கேதான் இருக்கும். சில்லுக்கு வேறு துணி, வேறு வாளி. வட்டம் போட்டுத் தேய்க்காமல் நேராக இழுங்கள். ஸ்பொன்ஞ் வேண்டாம், மணல் அதன் பரப்பிலேயே நின்று கீறும். கோப்பை கழுவும் திரவம் பெயின்றைக் காக்கப் பூசிய மெழுகை உரித்துவிடும், அதுவும் வேண்டாம். சேர்விஸுக்கு விட்டால் அங்கே ஒரே துணி எத்தனை கார் பார்த்திருக்கும் என்று யோசியுங்கள். நான் என்றால் பிறஷரில் தண்ணீர் மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு வீட்டில் வந்து கழுவித் துடைப்பேன்.

இனித்தான் எங்கள் ஊருக்கே உரிய பிரச்சினை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றில் வருவது அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் பொனற்றிலும் படியும். ஒரு சொட்டு காய்ந்தால் வெள்ளை விளிம்போடு ஒரு வளையம், கறுப்பில் அது பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். வெயிலில் சில நாள் விட்டால் பெயின்றையே அரித்து உள்ளே இறங்கிவிடும். சவர்த் தண்ணீர்க் கிணறு என்றால் சொல்லவே வேண்டாம்.

கழுவுவதைக் கிணற்றுத் தண்ணீரில் செய்யலாம், கடைசி அலசலை மட்டும் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரைப் பீலியால் ஊற்றும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதில் சுண்ணாம்பு இல்லை (முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள், அது கூரையின் ஊத்தையோடு வரும்). மழை இல்லாத காலத்தில் குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீர். பூவாளியால் மேலிருந்து ஊற்றினால் சிறிய காருக்குப் பத்து லீற்றர் போதும். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுவதா என்று அம்மா பேசுவா, பேசட்டும்.

உடனே துடையுங்கள். பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் துவாயைப் பொனற்றின் மேல் விரித்துவிட்டு இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுத்தால் தண்ணீரை அதுவே குடித்துவிடும், அழுத்தத் தேவையில்லை. கண்ணாடி மூலை, கதவுக் கைபிடி, நம்பர் பிளேற் ஆகிய இடங்களில் தண்ணீர் ஒளிந்திருந்து பிறகு வடியும், கடைசியில் ஒருமுறை பாருங்கள். துவாய் நிலத்தில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. மற்ற உடுப்புகளோடு சேர்த்துத் தோய்க்காதீர்கள், நூல் எல்லாம் ஒட்டிவிடும்.

ஏற்கெனவே வளையம் விழுந்துவிட்டதா? வெள்ளை வினாகிரியும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், தகரம் குளிர்ந்திருக்கும்போது, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வையுங்கள். காயவிடாமல் கழுவுங்கள். சுண்ணாம்பு கரைந்து போகும். போகவில்லை என்றால் அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பொலிஷ்தான் வழி.

காக எச்சம், வௌவால் எச்சம் இரண்டையும் கண்ட உடனே எடுக்க வேண்டும். ஒரு மத்தியான வெயில் போதும் அது தடம் பதிக்க. ஈரத்துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்துத் தூக்குங்கள், தேய்க்க வேண்டாம். மாமரம், வேம்பின் கீழே நிழலுக்காக விடுவதும் வினைதான். பனையின் கீழே விடுகிறவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, பனம்பழத்துக்கு மெழுகெல்லாம் தெரியாது. நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவானில் காரை விட்டால் கடற்காற்று உப்பைப் பூசி அனுப்பும், அன்று பின்னேரமே தண்ணீர் அடித்துவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: திருநீறும் சந்தனமும். கோயில் வாசலில் ஐயர் பொனற்றில் வைத்துவிடுவார், வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாதீர்கள், திருநீற்றைக் கையால் தட்டித் தேய்க்காதீர்கள். வீட்டுக்கு வந்து தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் போகும். குங்குமத்தை அன்றே கழுவாவிட்டால் கறை நிற்கும். கலியாணத்துக்குக் காரைக் கேட்டால் பூவை ஒட்டுநாடா போட்டு ஒட்டுவதற்கு மட்டும் விடாதீர்கள், ரிபனைக் கதவிடுக்கில் சொருகிக் கட்டச் சொல்லுங்கள், அது ஓட்டத்தில் படபடவென்று அடிக்காமல் இழுத்துக் கட்ட வேண்டும்.

மெழுகு சில கிழமை, கூடினால் இரண்டொரு மாதம் நிற்கும், மலிவு, கறுப்பில் ஆழமாகத் தெரியும். செராமிக் கோட்டிங் (கிளியர் கோட்டின் மேல் பூசி இறுகவிடும் பூச்சு) வருடக்கணக்கில் நிற்கும், ஊத்தை இலகுவில் கழுவுப்படும், ஆனால் அது கீறலைத் தடுக்கும் கவசம் கிடையாது, சுண்ணாம்பு வளையம் அதன் மேலும் விழும். கீறலோடு இருக்கும் காருக்கு அதைப் போட்டால் கீறலையும் சேர்த்து மூடி வைத்ததாகிவிடும், முதலில் மெஷின் பொலிஷ் செய்ய வேண்டும். ஒவ்வொரு பொலிஷும் கிளியர் கோட்டில் கொஞ்சத்தைத் தின்னும் என்பதால் வருடா வருடம் செய்கிற வேலை அல்ல அது. செய்து முடித்த காரை எடுக்கப் போகும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், சில பொலிஷ்களில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். அந்த எண்ணெய் போக, ஐசோபுரோபைல் அல்கஹோலும் தண்ணீரும் கலந்து ஒரு பகுதியைத் துடைக்கச் சொல்லி, நிழலில் போன் டோர்ச்சை அடித்துப் பாருங்கள். வட்டக் கோடுகள் திரும்ப வந்தால் வேலை முடியவில்லை, காசைக் கொடுக்க முன்னமே சொல்லிவிடுங்கள்.