மகன் செயின்சாவைக் கேட்கிறான், கொடுக்கலாமா?

என் மகன் 13 வயதில் முதல்முறை செயின்சாவை, அதாவது மரம் அறுக்கும் மெஷின் ரம்பத்தை, கேட்டான். நான் கொடுத்தது உருட்டு அரம். "அறுக்கத்தானே கேட்டேன்" என்று முணுமுணுத்தான். இரண்டு வருடம் அவனுக்கு வேலை அதுதான்: இன்ஜினை அணைத்து, கையுறை போட்டு, செயினில் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவது, பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) பள்ளத்தில் அடைத்த தூளைச் சுரண்டி எடுப்பது.

அது வீண் போகவில்லை. 15 வயதில் ஒருநாள் நான் கட்டை அறுக்கும்போது தள்ளி நின்று கையை ஆட்டினான். நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டேன். "தூளாக வருதுப்பா, சில்லு வரலை" என்றான். பார்த்தால் அவன் சொன்னது சரி. கூர்மையான செயின் மரத்தைச் சில்லு சில்லாகத் தள்ளும். மழுங்கினால் மாவு மாதிரி கொட்டும். மழுங்கினதை வைத்து அறுப்பவன் தன்னையறியாமல் அழுத்த ஆரம்பிப்பான், அங்கேதான் வினை. அன்றைக்குத்தான் இவன் பாதி தேறினான் என்று நினைத்தேன். நான் பார்ப்பது கண்ணை. புஜம் யாருக்கு வேண்டும்?

வயதைக் கேட்பவர்களுக்கு: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு ஒப்பந்தம், ஆபத்தான வேலைக்குப் பொதுவாக 18 வயது என்கிறது. சொந்தத் தோட்டத்தில் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் செயினுக்குச் சொந்தத் தோட்டம், அடுத்தவன் தோட்டம் என்ற வித்தியாசம் தெரியாது.

கொம்பு வெட்ட மரம் ஏறுவதையும் மெஷின் பிடிப்பதையும் தனித்தனியாகப் பழக்குங்கள். ஏற்றத்தில் முதலில் கருவியே வேண்டாம். பெல்ட், கயிறு, முடிச்சு, அவ்வளவுதான். ஆள் உயரத்திலேயே தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட வரும்வரை அங்கேயே வைத்திருங்கள். அப்புறம் ஒரு சோதனை. கொஞ்சம் மேலே போனதும் காரணம் சொல்லாமல் "இறங்கு" என்று சொல்லிப் பாருங்கள். என் மகன் "இன்னும் ஒரே ஒரு கொம்பு" என்பான். சின்னவள் உடனே இறங்குவாள். ஒருநாள் நான் சொல்லாமலே பாதியில் இறங்கி வந்து, "காற்று மாறுதுப்பா, கொம்பு ஆடுது, இன்னைக்கு வேண்டாம்" என்றாள். அவளுக்கு 16 வயது. அண்ணனுக்கு முன்னால் அவளைத்தான் உயரத்துக்கு விட்டேன்.

பிள்ளைகளிடம் நாலு பேர் முன்னால் "ஏறுவியா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். என்னை அப்படித்தான் கேட்டார்கள். வெட்கத்தில் "முடியும்" என்றேன். பட்ட கொம்பில் கால் வைத்தேன், முறிந்தது. இடது முழங்கை இன்றைக்கும் முழுசாக நீளாது.

ஏறுகிறவர் தயாரா என்று பார்க்கும் நாம், கீழே நிற்பவர் தயாரா என்று பார்ப்பதில்லை. மேலே ஒருவர் மயங்கிப் பெல்ட்டில் தொங்கினால், சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து. அப்போது இன்னொரு கயிறும் பெல்ட்டும் போட்டு ஏறி, அவரை இறக்கத் தெரிந்த ஆள் அடியிலேயே இருக்க வேண்டும். எனக்கு முட்டி சரியில்லை. அதனால் நான் மட்டும் வீட்டில் இருக்கும் நாளில் யாரும் ஏறக்கூடாது.

மெஷினுக்கு வருவோம். முதல் ஆறு மாதம் தரையில் கிடக்கிற கட்டைதான். ஸ்டார்ட் செய்யும்போது மெஷின் தரையில், செயினை ஓடவிடாமல் பிடிக்கும் செயின் பிரேக் போட்டபடி, பின்கைப்பிடியில் கால். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது கிடையாது. பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். சுதாரித்துக்கொள்ள நேரமே கிடைக்காது.

அறுக்கும் முன் வாயால் சொல்லச் சொல்வேன். இரண்டு முனையும் தாங்கலில், நடு தொங்கலில் கிடக்கும் கட்டை: மேலிருந்து அறுத்தால் என்ன ஆகும்? மேல்பக்கம் நெருக்கி பாரைக் கவ்வும். அப்போ? மேலே கொஞ்சம் மட்டும் கீறி, மீதியைக் கீழிருந்து முடிக்க வேண்டும். இதைத் தடுமாறாமல் சொன்னால்தான் மெஷின் கைக்கு வரும்.

ஹெல்மெட், முகவலை, காதடைப்பு, பூட்ஸ் எல்லாம் அவர்கள் அளவில் இருக்க வேண்டும். செயின்சா வேலைக்கென்றே உள்ள பேண்டில் செயின் பட்டால், உள்ளே இருக்கும் நார் வெளியே வந்து செயினை ஓட்டும் சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்தும். அப்பாவின் பேண்டை மடித்துக் கட்டிக்கொண்டால் அந்த நார் தொடையில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. பேண்ட் அளவு பொருந்தவில்லையா, ஆள் இன்னும் வளரட்டும்.

மேலே ஏறி மெஷின் பிடிப்பது கடைசி. கயிற்றை செயின் தொட்டால் போதும், அறுந்துவிடும். அதனால் மேலே அறுக்கும்போது ஏறியவர் தன்னை இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும், அதில் ஒன்று உள்ளே கம்பி வைத்த கயிறாக இருப்பது நல்லது. அதுவரை மேலே கைரம்பம்தான்.

மகனுக்கு இப்போது 19. தரையில் என்னைவிட நேராக அறுக்கிறான். மேலே போக மெஷின் கேட்டு இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். வைத்துக்கொள்ளட்டும்.