சேற்றுப் பாதையில் டிஃபரன்ஷியல் லாக்: டிப்பர் ஓட்டுநர்களுக்கு

வடகிழக்குப் பருவமழையில் கல்குவாரிப் பாதை களியாகி, சுமையேற்றிய டிப்பரின் பின்சக்கரம் ஒன்று பிடிப்பிழந்து சுழன்றால், சாதாரண டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கர அமைப்பு) இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையையே பகிர்வதால், பிடிப்புள்ள மறுபக்கச் சக்கரமும் வண்டியைத் தள்ள வலுவின்றி நின்றுவிடுகிறது. லாக் போட்டால் இரு பக்கச் சக்கரங்களும் பிணைந்து ஒரே வேகத்தில் சுழலும்.

புதைந்த பிறகு போடுவதைவிட, சேற்றில் இறங்கும் முன்பே, வண்டியை நிறுத்தியோ ஊர்ந்து செல்லும்போதோ போடுவது நல்லது. சக்கரம் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கையில் சுவிட்சை அழுத்தினால் உள்ளே பற்கள் உடையக்கூடும். அவசரத்தில் பலரும் செய்யும் தவறு இதுதான். லாக் விழுந்ததைக் காட்டும் டாஷ்போர்டு விளக்கு எரிந்ததும் தாழ்ந்த கியரில், ஆக்ஸிலரேட்டரைச் சீராக மிதித்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக் கடக்க வேண்டும்.

லாக் போட்ட வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். பக்கச்சரிவில் இரு பின்சக்கரங்களும் ஒருசேரச் சறுக்கினால் பின்பகுதி பள்ளத்தை நோக்கி இழுபடும் என்பதால், அங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. நனைந்த தார்ச்சாலையில் அதைப் பயன்படுத்தவே கூடாது. கெட்டித் தரைக்கு வந்ததும் லாக்கை எடுத்து, விளக்கு அணைந்த பின்னரே வளைவில் திருப்புங்கள். அணையாவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சற்றுத் தூரம் நேராக உருளவிட்டால், பெரும்பாலும் பிணைப்பு விடுபட்டுவிடும்.