ஆளுக்கேற்ற குடிநோய்ச் சிகிச்சை: ஊரில் பணி தொடங்குவோருக்கு

குடிநோய் மீட்புப் பணியை ஊரில் தொடங்குவோர், எல்லாருக்கும் ஒரே துண்டறிக்கையைக் கொடுப்பதற்கு முன், யார் எப்போது எதற்காகக் குடிக்கிறார்கள் என்று விசாரித்தறிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் கொண்ட ஆடிட் வினாப்படிவம் குடி எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று காட்டும். காரணத்தைப் பேசித்தான் அறிய முடியும்.

உடல்வலிக்காகக் குடிப்பதாகச் சொல்லும் கூலித் தொழிலாளியை மாதக்கணக்கில் வெளியூர் மையத்தில் தங்கச் சொன்னால், வீட்டில் அடுப்பு எரியாது என்பதாலேயே அவர் மறுத்துவிடுவார். சென்னையில் குடிநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் நடத்தியதுபோல, ஊருக்குள்ளேயே சிகிச்சை முகாம் நடத்துவது இவர்களுக்குப் பொருந்தும். ஆனால், காலையில் ஒரு கட்டிங் போடாமல் டீ கிளாஸைக்கூட நடுங்காமல் பிடிக்க முடியாதவரை, "இன்றோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்கி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குடியை நிறுத்திய முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இவருக்கு மருத்துவக் கண்காணிப்பும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் முதலில், ஆலோசனை பிறகுதான்.

பெண்களின் உடலில் நீரின் அளவு குறைவு என்பதால், குறைந்த அளவு மதுவே கல்லீரலை விரைவில் கெடுக்கிறது. இருந்தும், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி அவர்கள் முகாமுக்கு வருவதில்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில், பெண் ஆலோசகர் ஒருவர் தனியே பேசுவதே நடைமுறையில் பலிக்கும் வழி. குடிப்பவரின் மனைவிக்கும் இதே இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: விளம்பரத்தை நம்பிச் சாப்பாட்டில் ரகசியமாக மருந்து கலக்கக் கூடாது. மதுவோடு சேர்ந்தால் உடலில் கடும் எதிர்விளைவை உண்டாக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து அப்படிக் கலக்கப்பட்டு, அது தெரியாமல் கணவர் குடித்தால் உயிரே போகலாம்.

உதட்டுக்குள் வைக்கும் புகையிலையான கூல் லிப், போதைக்காக வலி மாத்திரை என்று போகும் மாணவர்களிடம் புற்றுநோய்ப் படத்தைக் காட்டி மிரட்டுவதால் பெரிய பயன் இல்லை; நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்று பழக்குவதே பயன்தரும். சிறாருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது என்பதைக் கடைக்காரர்களிடம் சொல்ல வேண்டும். மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்குவது, கண்காணிப்பே இல்லாத இடத்துக்கு அவனைத் தள்ளிவிடும்.

முதியவர் வந்தால், அவர் சாப்பிடும் சர்க்கரை நோய் மாத்திரை, தூக்க மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டிய பிறகே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

தொடர்சந்திப்பு நாளையும் ஆளுக்கேற்பவே வைக்க வேண்டும்: சனிக்கிழமை சம்பளம் வாங்கும் கட்டடத் தொழிலாளியை, அன்று மாலை டாஸ்மாக் வழியே வீடு திரும்புவதற்கு முன்பே சந்தித்துவிடுவது நல்லது.