தனுஷ்கோடி ஸ்டேஷனும் நிற்காத மணலும்

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி ஸ்டேஷனை 1:87 அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாதிரியாகச் செய்துவருகிறேன். அது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகல ரயில் பாதை என்பதால், 12 மி.மீ. அகல மாதிரித் தண்டவாளம் பொருந்திவிட்டது. தொல்லை தந்தது மணல்தான். மணலை ஒட்டவைக்க, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டினால், பரவாமல் உருண்டு மணலையும் இழுத்துக்கொண்டு போனது. அந்த ஊரே மணல். அதில் சமரசம் செய்ய எனக்கு மனமில்லை.

பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த தண்ணீரை முதலில் பனிபோலத் தெளித்தேன். நன்றாக நனைந்த பிறகு, பசையை இங்க் ஃபில்லரால் ஓரத்தில் விட்டதும் தானாக உள்ளே இறங்கியது. மணலை மெல்லிய வேட்டித் துணியில் சலிப்பது அவசியம். இல்லாவிட்டால் இந்த அளவில் கூழாங்கல்லாகத் தெரியும். அப்புறம் ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும்.

அடுத்து, இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பல் நின்ற துறை.