வீட்டில் டெங்கு என்றால் நாட்களை எண்ணுங்கள்

மழை விட்டுப் பத்து நாள் ஆனால் தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழும். டெங்கு என்று லேப்பில் சொல்லிவிட்டால் போதும், சொந்தக்காரர்கள் போன் போட்டு முதலில் கேட்பது "கவுண்ட் எவ்வளவு?" என்பதுதான். ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். என் பெண்ணுக்கு வந்தபோது நானும் அந்த ஒரு எண்ணையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். "கவுண்ட்டை நாங்க பாத்துக்கறோம், அவ எத்தனை மணிக்கு ஒண்ணுக்குப் போனான்னு நீங்க எழுதி வைங்க" என்று ஒரு நர்ஸ் அக்கா அதட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

காய்ச்சல் ஆரம்பித்த தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். டெங்குவில் எல்லாமே இன்றைக்கு எத்தனையாவது நாள் என்பதை வைத்துத்தான். முதல் ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனையில் தெரியும், அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எடுக்கச் சொல்வார்கள். இரண்டாம் நாளே ரத்தம் எடுத்து, பிளேட்லெட்டோடு பிசிவி எண்ணையும் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது) குறித்துக்கொள்ளுங்கள், அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மருந்து என்றால் பாராசிட்டமால், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உடம்பு வலி தாங்கவில்லை என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ஊசி, ஆஸ்பிரின் பக்கம் போகவே கூடாது, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல் சிரப் என்று மெடிக்கலில் எங்களுக்குக் கொடுத்த பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் மெஃபனமிக் ஆசிட் என்று இருந்தது, அதுவும் இதே வகையறாதான். அட்டையைத் திருப்பிப் படிக்காமல் கொடுக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்காமல் ஓஆர்எஸ், மோர், இளநீர், உப்புப் போட்ட கஞ்சி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னால் அப்படியே வாந்தி வரும், ஐந்து நிமிஷத்துக்கு இரண்டு ஸ்பூன் என்றால் உள்ளே நிற்கும். மாதுளை, பீட்ரூட் ஜூஸ் வேண்டாம், வாந்தி எடுத்தால் ரத்தமா ஜூஸா என்று தெரியாமல் முழிப்பீர்கள். நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். எங்கள் தாளில் காலை 6.10, 10.30 என்று வரிசையாக இருந்தது, அதற்கப்புறம் மாலை நாலரை வரை ஒன்றுமே இல்லை. ஆட்டோ பிடித்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அன்றைக்குக் காலையிலேயே அவளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, நாங்கள் நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும், அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். நீர் வெளியேறினால் ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். முதலில் 38 இருந்தது இப்போது 46 என்றால் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றம், டாக்டர் உடனே டிரிப் போடுவதைப் பற்றிப் பேசுவார். முதல் எண் கையில் இல்லாவிட்டால் 46 பெரிதா சிறிதா என்று யாருக்கும் சட்டென்று சொல்ல வராது.

விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுவது, மூச்சு வாங்குவது, காரணமில்லாத எரிச்சல் அல்லது எழுப்பினாலும் கண் சொருகுவது. இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், சர்க்கரை அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் இதெல்லாம் வரும்வரை காத்திருக்காமல் முதலிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, கவுண்ட். 1,50,000 இருக்க வேண்டியது 40,000 ஆனால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் ரத்தக்கசிவு இல்லாதவருக்கு அந்த எண்ணுக்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில்லை, 10,000-க்குக் கீழே போனால்தான் பொதுவாக அதை யோசிப்பார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது நின்றதும் இரண்டு மூன்று நாளில் கவுண்ட் தானாக ஏறும். அந்த நேரத்தில்தான் யாராவது பப்பாளி இலைச் சாறு கொடுத்திருப்பார்கள், பெயர் அதற்குப் போய்விடும்! குமட்டுகிற குழந்தையின் வாயில் அந்தக் கசப்பைத் திணித்து வாந்தி எடுக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தேறும்போது உடம்பெல்லாம் சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டாகத் தெரியும், உள்ளங்கை கால் அரிக்கும், பயப்பட வேண்டாம். அசதி சில வாரம் இருக்கும். காய்ச்சல் அடிக்கிற நாட்களில் நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், அவரைக் கடித்த கொசு அடுத்த ஆளுக்கும் கொண்டுபோகும். தொட்டி, டயர், தேங்காய் ஓடு எல்லாம் கவிழ்த்துவிட்டோம் என்று நாங்கள் திருப்தியாக இருந்தபோது, புழு நெளிந்துகொண்டிருந்தது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டில்.