பைப்புக்குள்ள ஓடுறதோட டென்சிட்டிய அல்ட்ராசவுண்ட்ல அளக்குறீங்களா? இங்கதான் சொதப்புது

பைப்ப அறுக்க வேணாம், வெளிய சென்சார மாட்டினா போதும் டென்சிட்டி வந்துடும்னு விக்கிறாங்கல்ல, அதுல பல மீட்டர் நெஜமா அளக்குறது ஒலி வேகத்த மட்டும்தான். டென்சிட்டின்னு காட்டுற நம்பர், எந்த வேகத்துக்கு எந்த டென்சிட்டின்னு மீட்டருக்குள்ள ஏத்தி வெச்ச டேபிள்ல இருந்து எடுத்தது. இது தெரியாம நம்புறதுதான் முதல் தப்பு, பெரிய தப்பும் கூட.

ஏன்னா ஒலி வேகம் டென்சிட்டிய மட்டும் பொறுத்தது இல்ல, அந்த திரவம் எவ்ளோ அமுங்கும்ங்கிறதையும் பொறுத்தது. தண்ணியவே பாருங்க, 20 டிகிரில செகண்டுக்கு சுமார் 1482 மீட்டர், சூடாக சூடாக வேகம் ஏறி 74 டிகிரி கிட்ட 1555 வரைக்கும் போயிட்டு அப்புறம் இறங்க ஆரம்பிக்குது, ஆனா டென்சிட்டி அது பாட்டுக்கு குறைஞ்சிட்டேதான் இருக்கு. அப்போ ஒரே வேகத்துக்கு ரெண்டு டென்சிட்டி! ஆல்கஹால் கலந்த தண்ணிலயும் இதே கூத்துதான், கொஞ்சம் கலந்தா வேகம் கூடும், நிறைய கலந்தா குறையும். டீசல் போய் பெட்ரோல் வருதான்னு பாக்குற பைப்லைன்ல மட்டும் டேபிள் போதும், உள்ள என்னென்ன வரும்னு முன்னாடியே தெரியுமே.

நெஜமாவே டென்சிட்டி வேணும்னா திரவத்துல மோதி திரும்புற எக்கோவோட பலத்தையும் அளக்கணும். அதுல கிடைக்கிறது டென்சிட்டியையும் வேகத்தையும் பெருக்கின அளவு, அத வேகத்தால வகுத்தா டென்சிட்டி. இங்க பலர் பண்றது, ஸ்டீல் சுவர்ல இருந்து வர்ற எக்கோவையே எடுத்துக்கிறது. ஸ்டீலுக்கும் தண்ணிக்கும் இந்த பெருக்கின அளவுல வித்தியாசம் ரொம்ப பெருசு, அதனால 94 சதவீதம் அப்படியே திரும்பிடும், உள்ள டென்சிட்டி 1 சதவீதம் மாறினா எக்கோ மாறுறது வெறும் 0.06 சதவீதம், அத சிக்னல்ல இருக்கிற இரைச்சலுக்கு நடுவுல எங்க தேடுவீங்க? அதுவே ஸ்டீலுக்கு பதிலா அக்ரிலிக் மாதிரி பிளாஸ்டிக் துண்டு திரவத்த தொடுற மாதிரி வெச்சா 1.2 சதவீதம் கிட்ட மாறும். என்ன, அதுக்கு பைப்ப அறுத்தே ஆகணும், கேட்டலாக்ல இத சொல்ல மாட்டாங்க.

சென்சாருக்கும் பைப்புக்கும் நடுவுல தடவுற ஜெல் காஞ்சாலோ சென்சார் சூடானாலோ எக்கோ தானா குறையும், அத டென்சிட்டி மாறிடுச்சுன்னு எடுத்துக்காதீங்க, திரவத்த தொடாத ஒரு எக்கோவோட எப்பவும் ஒப்பிட்டே கணக்கு போடுங்க.

அடுத்தது பைப்போட உள் விட்டம், அத ஒலி கடக்குற நேரத்தால வகுத்துதான் மீட்டர் வேகத்த கணக்கு போடுது. 100 மில்லிமீட்டர்னு போட்டுருப்பீங்க, உள்ள உப்பு படிஞ்சு 98 ஆயிருக்கும், வேகம் 2 சதவீதம் கூட காட்டும், வகுக்கும்போது டென்சிட்டி அதே அளவு குறையும், தண்ணின்னா கன மீட்டருக்கு 20 கிலோ போச்சு. வெயில்ல காயுற பைப்போட மேல் சூட்ட உள்ள இருக்கிற சூடுன்னு எடுத்துக்கிறதும் இதே ரகம்தான்.

காத்துக் குமிழி இருந்தா சிக்னலே செத்துடும், பைப்போட தலைல சென்சார மாட்டாதீங்க, பக்கவாட்டுல மாட்டுங்க.

சரி பாக்குறேன்னு சேம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புறப்பவும் ஒண்ணு இருக்கு. லேப் ரிப்போர்ட் 15 டிகிரிக்கு மாத்தின நம்பரா இருக்கும், மீட்டர் காட்டுறது லைன் ஓடுற 35 டிகிரில. டீசல் ஒரு டிகிரிக்கு கன மீட்டருக்கு சுமார் 0.7 கிலோ குறையும், அப்போ 14 கிலோ வித்தியாசம் வர்றது மீட்டரோட குத்தமே இல்ல, அத பாத்து கேலிப்ரேஷன்ல கை வெச்சீங்கன்னா நல்லா இருந்த மீட்டரும் கெட்டுடும்.